ஆபீஸா, வீடா, இரண்டுமா? மலையூரில் ஒரு சிறு தொழிலின் கேள்வி

சென்ற மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, கொடைக்கானலில் சிறு தொழில் நடத்தும் சகோதரர் ஒருவர் என் அருகில் வந்து உட்கார்ந்தார். "ஹஜ்ரத், ஒரு மஷ்வரா வேணும். ஆபீஸைக் காலி பண்ணிட்டு எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிடலாமா? அத்தா ஒத்துக்க மாட்டேங்கிறாங்க" என்றார்.

என்னிடம் நிக்காஹ், தலாக், வாரிசுப் பங்கு என்று கேட்டு வருபவர்கள்தான் அதிகம். மதரஸாவில் ஓதி முடித்தபின் கல்லூரியில் வரலாறு படித்தவன் நான். வணிகம் படித்தவன் அல்ல. ஆனாலும் அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க, இது நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று பேசப்படும் விஷயம்தான் என்று தோன்றியது. கடை வைத்திருப்பவர்கள், டிராவல்ஸ் நடத்துபவர்கள், ஆடிட்டர் அலுவலகம், ஆன்லைன் வியாபாரம் என்று ஐந்து பேர், பத்து பேரை வைத்துத் தொழில் செய்வோர் நம்மில் நிறைய. அவர்களுக்குப் பயன்படும் என்பதால், அவர் அனுமதியுடன் இதை எழுதுகிறேன்.

அவர் தொழிலுக்கு இரண்டு கிளைகள். கொடைக்கானலில் காட்டேஜ் வைத்திருக்கும் வெளியூர்க்காரர்கள் சிலருக்காக அறை முன்பதிவைக் கவனிப்பது ஒன்று. மலைப்பூண்டு, காபித்தூள், மிளகு, ஹோம்மேட் சாக்லேட் ஆகியவற்றுக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துப் பார்சல் அனுப்புவது மற்றொன்று. ஏழு பேர் வேலை செய்கிறார்கள். போனில் பேசி புக்கிங் எடுக்க மூவர், கணக்குக்கு ஒருவர், பொருளை எடை போட்டுப் பொட்டலம் கட்ட இருவர், காட்டேஜ்களுக்கும் பார்சல் ஆபீசுக்கும் ஓட ஒரு டிரைவர்.

கேள்வி எழுந்த விதம் வேறு. புக்கிங் எடுக்கும் மூவரில் ஒரு சகோதரி பண்ணைக்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். அவருடைய கணவர் திடீரென மவுத்தாகிவிட்டார். நான்கு மாதம் பத்து நாள் இத்தா. தேவை இருந்தால் இத்தாவில் இருக்கும் விதவை பகலில் வெளியே போய்வர நம் இமாம்கள் அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த நிலையில் தினம் மலைப்பாதையில் பஸ் ஏறச் சொல்ல இவருக்கு மனம் வரவில்லை. ஆபீஸ் செல்போன் ஒன்றையும் பழைய லேப்டாப் ஒன்றையும் வீட்டுக்கே அனுப்பி வைத்தார். அந்தச் சகோதரி வீட்டிலிருந்தபடியே புக்கிங் எடுத்தார். ஒரு புகார்கூட வரவில்லை. இத்தா முடிந்ததும் அத்தா சொன்னார்: "இனி ஆபீசுக்கு வரட்டும். கண்ணுக்கு முன்னால நடக்காத வேலை வேலையே இல்ல." மகனோ, அவர் ஒருவரால் முடியும் என்றால் எல்லாராலும் முடியுமே என்று நினைத்தார். அதே சமயம் ஆபீஸ் கட்டடத்தின் வாடகை ஒப்பந்தமும் முடியும் தறுவாயில் இருந்தது. கட்டடக்காரர் கூடுதல் கேட்டார்.

அத்தா சொன்னது அப்படியே சரியல்ல. மகன் நினைத்ததும் அப்படியே சரியல்ல என்பதுதான் என் முதல் எண்ணம்.

சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது

இந்த விவாதம் 2020 கொரோனாவுக்குப் பிறகுதான் நம் வீடுகளுக்குள் வந்தது. அப்போது சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வட்டக்கானலுக்கும் பூம்பாறைக்கும் வந்து தங்கி வேலை பார்த்தவர்களைக் கொடைக்கானல்காரர்கள் நன்றாக அறிவார்கள். அதன் பிறகு காற்று திசை மாறியது. டிசிஎஸ் போன்ற பெரிய நிறுவனங்களே ஊழியர்களை மீண்டும் அலுவலகத்துக்கு அழைத்தன. ஆக, பெரியவர்கள் செய்கிறார்கள் என்று நாமும் செய்தால், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மேசை நாற்காலியைச் சுமந்துகொண்டு அலைய வேண்டியதுதான்.

கொரோனாவுக்கு வெகுமுன்பே, 2010-11இல், சீனாவின் ஷாங்காய் நகரில் சி-ட்ரிப் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தில் ஒரு சோதனை நடந்தது. நம் சகோதரர் செய்வதும் அதே போன்ற தொழில்தான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூம் குழுவினர் அதை நடத்தினார்கள். போனில் புக்கிங் எடுக்கும் ஊழியர்களில் விரும்பியவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டார்கள். அவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போவோர் எண்ணிக்கை பாதியானது.

பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மீதியையும் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையில் சேர வீட்டில் தனி அறையும் இணைய இணைப்பும் இருக்க வேண்டும், ஆறு மாதமாவது அனுபவம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. வாரத்தில் ஒரு நாள் அவர்களும் ஆபீசுக்கு வந்தார்கள். அப்படியிருந்தும், சோதனை முடிந்து 'இனி உங்கள் விருப்பம்' என்று சொன்னபோது, வீட்டிலிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஆபீசுக்கே திரும்பினார்கள். தனிமைதான் முக்கியமான காரணம். இன்னொன்று, ஒரே அளவு நன்றாக வேலை செய்தும் வீட்டிலிருந்தவர்கள் பதவி உயர்வில் பின்தங்கினார்கள். கண்ணில் படாதவர் நினைவிலும் இருப்பதில்லை.

அதே நிறுவனத்தில் பின்னர் 1,612 பேரிடம் இன்னொரு சோதனை நடந்தது. 2024இல் வெளியான அதன் முடிவில், வாரம் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் ஆபீஸ் என்று இருந்தவர்களின் வேலைத்தரமும் குறையவில்லை, பதவி உயர்வும் குறையவில்லை. ராஜினாமா மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெண்களிடமும், வெகுதூரம் பயணித்து வேலைக்கு வருவோரிடமும் இந்தப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. பண்ணைக்காட்டுச் சகோதரி இந்த இரண்டிலுமே அடங்குகிறார்.

நம் தமிழ்நாட்டிலேயே வேறொரு வழியும் இருக்கிறது. ஸோஹோ நிறுவனம் 2011இல் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை கிராமத்தில் அலுவலகம் திறந்தது. கொரோனாவுக்குப் பின் சிற்றூர்களில் சிறு சிறு அலுவலகங்களையும் தொடங்கியது. ஊழியரை அவர் வீட்டுக்குள் உட்கார வைப்பதற்குப் பதில், அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஆபீஸைக் கொண்டுபோய் வைப்பது. ஏழு பேர் உள்ள தொழிலுக்கு இதை அப்படியே செய்ய முடியாது. ஆனால் கீழ்மலையிலிருந்து இரண்டு மூன்று பேர் வருகிறார்கள் என்றால், அங்கே ஒரு சிறிய அறை எடுப்பது யோசிக்கத் தக்கதே.

எந்த வேலை எந்த இடத்தைக் கேட்கிறது?

கொடைக்கானல் வானாய்வகம் நம் எல்லாருக்கும் தெரியும். சூரியனைப் பார்ப்பதற்காக 1899இல் அமைக்கப்பட்டது. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் நகர்வதைக் கண்டறிந்தது இங்கேதான். பின்னாளில் இது இந்திய வானியற்பியல் நிறுவனம் ஆனபோது தலைமையகம் பெங்களூருக்குப் போய்விட்டது. ஆனால் தொலைநோக்கி மலையில்தான் இருக்கிறது. சூரியனைப் படமெடுக்கும் வேலைக்கு மலை வேண்டும். எடுத்த படத்தை ஆராயும் வேலைக்கு மலை வேண்டியதில்லை. 'ஆபீஸா வீடா' என்று மொத்தமாகக் கேட்காமல், வேலை வேலையாகப் பிரித்துக் கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நாங்கள் அப்படித்தான் பிரித்தோம். பொட்டலம் கட்டுவது பொருள் இருக்கும் இடத்தில்தான் நடக்கும். டிரைவர் வேலையும் அப்படியே. அந்த மூவருக்கும் 'வீட்டிலிருந்து வேலை' என்ற பேச்சே கிடையாது. கணக்கு வேலை எங்கிருந்தும் செய்யலாம். பில்களும் வவுச்சர்களும் வாரம் ஒரு முறை கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான். புக்கிங் எடுக்கும் வேலைக்குப் போன் சிக்னலும் அமைதியான ஒரு மூலையும் போதும்.

நேரில் வந்து அறை கேட்கும் வாடிக்கையாளர்கள்? இது முன்பு பெரிய விஷயம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் வர இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரலில் வாகன எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000. இப்போது பெரும்பாலோர் கீழேயிருந்து கிளம்பும் முன்பே போனில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள், கவுண்டரில் வந்து நிற்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றார் சகோதரர். அவருடைய ஆபீஸின் தேவையே மாறிவிட்டது என்பதை அதைச் சொன்னபோதுதான் அவரே கவனித்தார்.

ஒரு வேலையை மட்டும் நான் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்றேன். அது, புதிதாகச் சேர்பவர் வேலை பழகுவது. கோபமாகப் பேசும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பது, முன்பணத்தைத் திருப்பிக் கேட்பவரிடம் என்ன சொல்வது என்பதெல்லாம் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பிடிபடுவது. மதரஸாவில் உஸ்தாதின் முன் உட்கார்ந்து ஓதியவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. முதல் மூன்று மாதமாவது புதியவர் ஆபீசில் இருக்கட்டும்.

நேரத்துக்குக் கூலியா, வேலைக்குக் கூலியா?

அத்தாவின் கவலைக்கு வருகிறேன். 'கண் முன்னால் இல்லாத ஆளுக்கு எப்படிச் சம்பளம் கொடுப்பது?' இது இன்று புதிதாக வந்த கேள்வி அல்ல. நம் ஃபிக்ஹு நூல்களில் இஜாரா, அதாவது கூலி ஒப்பந்தம் பற்றிய பாடத்தில், கூலியாளை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். ஒருவர் 'அஜீர் காஸ்'. தன் நேரத்தை ஒரு முதலாளிக்காக ஒதுக்கியவர். அந்த நேரத்தில் அவர் தயாராக இருந்தாலே கூலிக்கு உரியவர். முதலாளி வேலை கொடுக்காமல் போனாலும் கூலி உண்டு. அந்த நேரத்தில் இன்னொருவருக்கு வேலை செய்யக் கூடாது. மற்றவர் 'அஜீர் முஷ்தரக்', தையல்காரர் போல. பலருக்கும் வேலை செய்வார். வேலையை முடித்துக் கொடுத்தால்தான் கூலி. அவர் எப்போது தைத்தார், எங்கே உட்கார்ந்து தைத்தார் என்று நாம் கேட்பதில்லை.

வீட்டிலிருந்து வேலை என்பதில் வரும் சண்டைகளில் பெரும்பகுதி, இந்த இரண்டையும் கலப்பதால் வருவது. முதலாளி மாதச் சம்பளம் கொடுத்துக்கொண்டு, 'இத்தனை புக்கிங் எடுத்தால்தான்' என்று தையல்காரரிடம் கேட்பது போலக் கேட்கிறார். ஊழியர் நேரத்துக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, 'வேலை முடிந்துவிட்டதே' என்று நடுவில் வேறு கடையின் கணக்கைப் பார்க்கிறார். இருவருமே தவறு செய்கிறார்கள். எது என்பதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். புக்கிங் எடுப்பவர் காலை 9 முதல் மாலை 6 வரை போனை எடுக்க வேண்டும் என்றால் அவர் நேரத்துக்குக் கூலி பெறுபவர். போன் வராத மழைநாளிலும் அவருக்கு முழுச் சம்பளம் உண்டு. இரவு 10 மணிக்கு வரும் அழைப்பை எடுக்கச் சொன்னால் அதற்குத் தனியாகப் பேச வேண்டும். வீட்டில்தானே இருக்கிறார் என்பது ஒப்பந்தம் ஆகாது. கணக்கருக்கு வேறு மாதிரி பேசலாம்: மாதம் 10ஆம் தேதிக்குள் கணக்கு முடிந்திருக்க வேண்டும், எப்போது உட்கார்ந்து எழுதுகிறார் என்பது அவர் பாடு.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய லேப்டாப் கீழே விழுந்தால் யார் பொறுப்பு என்றும் அத்தா கேட்டார். நல்ல கேள்வி. காஸ் வகை ஊழியரின் கையில் இருக்கும் முதலாளியின் பொருள் அமானத். அலட்சியமோ வரம்பு மீறலோ இல்லாமல் சேதமானால் அவரிடம் ஈடு கேட்க முடியாது. பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்து உடைந்தால் அது வேறு.

இன்னொரு அமானத்தை யாருமே நினைக்கவில்லை. காட்டேஜ் விருந்தினர்களின் ஆதார் நகல்கள் புக்கிங் எடுப்பவர்களின் சொந்த செல்போன்களில், குடும்ப போட்டோக்களுக்கு நடுவே கிடந்தன. வீட்டில் அந்தப் போனை எத்தனை பேர் எடுப்பார்கள்? 2023இல் நாடாளுமன்றம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியிருக்கிறது. ஆபீஸ் வேலைக்குத் தனிப் போன், பூட்டு எண், விருந்தினர் கிளம்பியபின் ஆபீஸ் பதிவு தவிர மற்றப் பிரதிகளை அழிப்பது, இந்த மூன்றையும் மறுநாளே செய்யச் சொன்னேன்.

மலையும் வீடும்

சமவெளியில் எழுதப்படும் ஆலோசனைகளில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. 2018 நவம்பரில் கஜா புயலில் மரங்கள் சாய்ந்து மலைக்கிராமங்கள் இருளில் கிடந்ததை மறக்க முடியாது. அவ்வளவு வேண்டாம், ஐப்பசி கார்த்திகையில் ஒரு கிளை முறிந்து கம்பத்தில் விழுந்தாலே கரண்டும் ஃபைபர் கேபிளும் ஒன்றாகப் போகும். எனவே வீட்டுக்கு அனுப்பும் முன் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு வாரம் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் சிக்னலைப் பார்க்க வேண்டும்; ஒரு மழைநாளாவது அதில் வர வேண்டும். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பு இருப்பது நல்லது. இதையும் சொல்ல வேண்டும்: மே மாத சீசனில் பெருமாள்மலையிலிருந்து டவுன் வரை வண்டிகள் ஊர்ந்து வரும் நாட்களில், ஆபீசுக்கு வருவதுதான் கஷ்டம், வீட்டில் இருப்பது அல்ல.

செலவை ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். உதாரணத்துக்குச் சொல்கிறேன். வாடகை 18,000, கரண்ட், டீ, துப்புரவு 4,000. ஆக மாதம் 22,000. ஆபீஸை மூடினால் நான்கு பேருக்கு இணையமும் கரண்டும் தலைக்கு 1,000 வீதம் 4,000. நான்கு இன்வெர்ட்டர் 80,000; நான்கு வருடம் ஓடும் என்று வைத்தால் மாதம் ஏறத்தாழ 1,700. பொருள் வைக்க ஒரு ஸ்டோர் ரூம் எப்படியும் வேண்டும், 6,000. மொத்தம் 11,700. மிச்சம் 10,300. ஊழியர் வீட்டு இணையச் செலவை அவர் தலையிலேயே கட்டி, அதையும் லாபமாக எழுதிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது லாபம் அல்ல. ஜிஎஸ்டி பதிவில் இருக்கும் முகவரியை மாற்றினால் 15 நாளுக்குள் திருத்த வேண்டும், சரக்கு வைக்கும் இடத்தையும் பதிவில் சேர்க்க வேண்டும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்தாயிரம் மிச்சம் என்றதும் மகன் முகம் மலர்ந்தது. ஆனால் புக்கிங் எடுக்கும் மற்றொரு சகோதரியைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "எனக்கு வீடு வேண்டாம்" என்று சட்டென்று சொன்னார். இரண்டு அறை வீடு, மாமனார் மாமியார், கணவரின் தம்பி குடும்பம். "வீட்டில இருந்தா நான் வேலை பார்க்கிறேன்னு யாருமே நினைக்க மாட்டாங்க. பஸ்ஸில வர்ற நேரம்தான் நான் உட்கார்ற நேரம்" என்றார். அந்தப் பதிலைக் கேட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். வீட்டிலிருந்து வேலை பெண்களுக்கு வசதி என்று ஆண்கள் நாமே முடிவு செய்துவிடுகிறோம். சிலருக்கு வசதிதான். சிலருக்கு அது இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்வது. இதைப் படிக்கும் கணவர்மார்களுக்கு ஒரு வார்த்தை: மனைவி 9 முதல் 6 வரை கூலி ஒப்பந்தத்தில் இருக்கிறார் என்றால் அந்த நேரம் இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கு. டீயை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அண்ணலார் தம் வீட்டு வேலைகளைத் தாமே செய்தவர்கள்தானே.

பிரசவ விடுப்பு முடிந்த பெண்ணுக்கு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இருவரும் பேசி வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று 2017இல் திருத்தப்பட்ட பேறுகாலப் பலன் சட்டத்திலேயே இடம் தரப்பட்டது. பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கு அது. ஏழு பேர் உள்ள நம் சகோதரரைச் சட்டம் கட்டாயப்படுத்தாது. ஆனால் அவர் செய்தது அதே மனதோடுதான்.

கடைசியில் அவர்கள் செய்தது இது. பெரிய ஆபீஸை விட்டுவிட்டு, ஸ்டோர் ரூமோடு சேர்ந்த ஒரு சிறிய அறையை டவுனிலேயே எடுத்தார்கள். பொட்டலம் கட்டுபவர்களும் வீட்டிலிருக்க விரும்பாத சகோதரியும் தினமும் அங்கே. பண்ணைக்காட்டுச் சகோதரிக்கும் கணக்கருக்கும் புக்கிங் எடுக்கும் இளைஞருக்கும் வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், மற்ற நாள் வீடு. அந்த இரண்டு நாளும் எல்லாருக்கும் ஒரே நாட்கள், செவ்வாயும் வெள்ளியும். அவரவர் விருப்பப்படி நாள் எடுத்தால், ஒருவர் வரும் நாளில் இன்னொருவர் இருக்க மாட்டார்; போனில் பேசுவதற்காக ஆபீசுக்கு வந்தது போல ஆகிவிடும். வெள்ளி மாலை முதல் வார இறுதி விருந்தினர்கள் வரத் தொடங்குவார்கள். ஆண்கள் ஜும்ஆவுக்குப் போகும் நேரத்தில் சகோதரிகள் இருவரும் போனைப் பார்த்துக்கொள்வார்கள். சம்பள உயர்வு பேசும்போது வீட்டிலிருப்பவர், ஆபீசிலிருப்பவர் என்ற வித்தியாசம் இல்லை என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டார்கள். அத்தா தினமும் காலையில் வந்து ஸ்டோர் ரூமில் பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கவனிக்கிறார். குறை சொல்வதை இன்னும் நிறுத்தவில்லை என்று மகன் சொன்னார்.

மூன்று மாதம் பார்த்துவிட்டு, ஏப்ரலுக்கு முன் மறுபடி உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. சீசனில் புக்கிங் ஆட்கள் மூவரும் டவுனில்தான் இருக்க வேண்டும் என்பதில் தந்தைக்கும் மகனுக்கும் இப்போதே ஒரே கருத்து. அந்த ஒன்றரை மாதம் பள்ளி விடுமுறையில் இருக்கும் இரண்டு பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு பண்ணைக்காட்டுச் சகோதரி வருவார் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பிள்ளைகளையும் கூட்டி வரட்டும், ஸ்டோர் ரூமில் தன்னோடு இருக்கட்டும் என்று அத்தாதான் சொல்லியிருக்கிறார்.